பழைய எக்ஸிகியூட்டிவ் சலூன் கார்களைக் கிளாசிக் என்று அழைக்கலாமா?

நீள்சாலை (கேள்வி)

என் தந்தை பணி ஓய்வு பெற்றபோது, அலுவலகம் அவருக்கு ஒதுக்கியிருந்த காரையே விலைக்கு வாங்கிக்கொண்டார். அது மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ124 வரிசையில் வந்த 230ஈ, 1990ஆம் ஆண்டு மாடல். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினும், கட்டம் போட்ட துணி இருக்கைகளும், கையால் மாற்றும் கியரும் கொண்ட, எந்தச் சிறப்புப் பதிப்பும் அல்லாத சாதாரண வண்டி. அவருக்குப் பிறகு அது என்னிடம் வந்தது.

அண்மையில் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்றுக்கு அதை எடுத்துச் சென்றேன். அவர்கள் அறிவித்திருந்த வயது வரம்பை என் கார் கடந்திருந்தும், "இது பழைய கார்தான், கிளாசிக் அல்ல" என்று கூறி வரிசைக்கு வெளியே நிறுத்தச் சொன்னார்கள். அதைவிட இரண்டு ஆண்டுகள் இளைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வரிசையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேள்வியை மட்டும் இங்கே முன்வைக்கிறேன்.

1963இல் பிரிட்டனில் ரோவர் 2000, டிரையம்ப் 2000 ஆகிய இரண்டும் வந்தபோது, பெருஞ்செல்வர்களின் சொகுசு காருக்கும் குடும்பக் காருக்கும் இடையில் எக்ஸிகியூட்டிவ் சலூன் என்ற, நான்கு கதவுகள் கொண்ட புதிய வகை ஒன்று உருவானது. நிறுவன மேலாளர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் நெடுந்தொலைவு களைப்பின்றிச் சென்று, இறங்கியவுடன் வேலையைத் தொடங்குவதற்கான கார் அது. யாரும் அதன் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக் கனவு கண்டதில்லை. ஆசையைத் தூண்டிய கார்களுக்கு மட்டும்தான் கிளாசிக் என்ற தகுதி உண்டா, கடமையைச் செவ்வனே செய்த காருக்கு அது கிடையாதா என்று அறிய விரும்புகிறேன்.

நான்காம்கியர்

உங்கள் காரை வெளியே நிறுத்தச் சொன்ன முறை தவறு. வயது வரம்பை அறிவித்தவர்கள் அதை எல்லோருக்கும் ஒன்றாகப் பின்பற்றியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் கேள்விக்கு என் பதில் நீங்கள் எதிர்பார்ப்பதாக இருக்காது.

வயது என்பது நுழைவுச் சீட்டு மட்டுமே. ஒரு கார் கிளாசிக் ஆவதற்கு, தனக்குப் பின் வந்த கார்களில் அது எதையாவது விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அப்படிப் பார்த்தால் இந்த வகையிலேயே உயர்ந்த சான்றுகள் உள்ளன. நீங்கள் குறிப்பிட்ட ரோவர் 2000, எலும்புக்கூடு போன்ற உறுதியான அடிச்சட்டத்தின் மீது வெளித்தகடுகளைப் போல்ட் போட்டுப் பொருத்திய கார். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் கொண்டிருந்தது. ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் என்ற விருது 1964இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றதும் அதுவே. 1967இல் வந்த என்எஸ்யூ ஆர்ஓ80, பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் ரோட்டர் கொண்ட வான்கெல் இன்ஜினால் தன் நிறுவனத்தையே தள்ளாட வைத்தது என்றாலும், அதன் காற்றைக் கிழிக்கும் உடலமைப்பைப் பிற்காலத்துச் சலூன்களில் இன்றும் காணலாம். 1982இன் ஆடி 100, காற்று காரைத் தடுக்கும் அளவைக் குறிக்கும் காற்றெதிர்ப்புக் கெழுவை 0.30 வரை இறக்கிக் காட்டியது. 1985இல் வந்த ஃபோர்டு கிரனாடா சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கை எல்லா மாடல்களிலும் கூடுதல் கட்டணமின்றிக் கொடுத்தது. தோற்றத்தில் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காத அந்தக் காரை நான் தயங்காமல் கிளாசிக் என்பேன்.

உங்கள் டபிள்யூ124 மிகச் சிறந்த கார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் பெருமையாகப் பேசப்படும் பல இணைப்புப் பின்பக்க சஸ்பென்ஷன் (ஒவ்வொரு பின்சக்கரத்தையும் பல தண்டுகளால் தாங்கும் அமைப்பு), அதற்கு முன்பே, 1982இல், அதே நிறுவனத்தின் சிறிய 190இல் வந்துவிட்டது. அது 25 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட கார் என்பதையும் மறக்கலாகாது. அந்த வரிசையில் போர்ஷே தொழிற்சாலையின் துணையோடு உருவாக்கப்பட்டு, பத்தாயிரத்துச் சொச்சம் மட்டுமே வெளிவந்த வி8 இன்ஜின் 500ஈக்கு நான் இடம் கொடுப்பேன். 230ஈக்கு என்றால், இன்னும் யோசிக்க வேண்டும்.

மஞ்சள்விளக்கு

எண்ணிக்கையைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபோர்டு மாடல் டி ஒன்றரைக் கோடி, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இரண்டு கோடிக்கும் மேல் தயாரிக்கப்பட்டன. அவற்றைக் கிளாசிக் அல்ல என்று சொல்பவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. டபிள்யூ124க்கு முந்தைய டபிள்யூ123 ஏறக்குறைய 27 லட்சம் வெளிவந்து, பல நாடுகளில் டாக்சியாக ஓடித் தேய்ந்த கார். இன்று அதற்கு எல்லாக் கண்காட்சிகளிலும் இடம் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்பு அதையும் இதே சொற்களால்தான் ஒதுக்கினார்கள்.

திருப்புளி

பழைய சலூன்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், பட்டறையிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி எப்படித் தெரிகிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

1960களின் காரை உயிரோடு வைத்திருப்பது கடினம் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அதன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, வாஷர்களை மாற்றி, மீண்டும் பொருத்தக் கைக்கருவிகள் போதும். 1980களின் பிற்பகுதியில் வந்த எக்ஸிகியூட்டிவ் சலூன் அப்படிப்பட்டது அல்ல. அதன் இன்ஜின் ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடியும் அசையாமல் நிற்கும். ஆனால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும், மின்னூட்டத்தைச் சேமிக்கும் விரல்நுனி அளவுக் கெப்பாசிட்டர் கசிந்து, சர்க்யூட் பலகையை அரித்துவிடும். 1990களின் முற்பகுதியைச் சேர்ந்த சில கார்களில் வயர்களின் மேலுறை வெப்பத்தில் காய்ந்து, தொட்டால் உதிர்கிறது. சிட்ரோயன் சிஎக்ஸ், எக்ஸ்எம் போன்றவற்றில் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும், நைட்ரஜன் நிரம்பிய உருண்டைகள் காலப்போக்கில் அழுத்தம் இழந்து, மெத்தென்ற பயணத்துக்குப் பேர்போன கார் கட்டை வண்டியாகிவிடுகிறது. இவை எல்லாவற்றையும்விடக் கொடுமை, டேஷ்போர்டின் ஒரு பிளாஸ்டிக் மூடியோ கதவின் ஒரு ரப்பர் பட்டையோ எங்கும் கிடைக்காமல் போவதுதான். இன்ஜின் பாகத்தைக் கடைந்து எடுத்துவிடலாம், அதே நிறத்தில் அதே சொரசொரப்போடு ஒரு பிளாஸ்டிக் மூடியைச் செய்து தர இயலாது.

இங்கேதான் நான்காம்கியர் அவர்களிடம் மாறுபடுகிறேன். 500ஈயையோ, 2,200 சொச்சம் மட்டுமே தயாரிக்கப்பட்ட பிஎம்டபிள்யூவின் அதிவேக சலூனான ஈ28 எம்5ஐயோ காப்பாற்ற ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள். அந்தக் கார்களைக் காப்பாற்றுவதற்கான கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கைச் சட்டம் ஆகியவை எங்கிருந்து வருகின்றன என்று யாரும் கேட்பதில்லை. அதே உடலைக் கொண்ட சாதாரண மாடல்களைப் பிரித்துத்தான் எடுக்கிறோம். நானே அப்படிப் பல கார்களைப் பிரித்திருக்கிறேன். அவற்றுள் இரண்டு மூன்று, சாவி கொடுத்தவுடன் ஓடக்கூடிய நிலையில் இருந்தவை. அவற்றை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. உயர்ந்த மாடலை மட்டும் கிளாசிக் என்று அறிவிக்கும்போது, மற்றவற்றை உதிரி பாகக் கிடங்கு என்றும் சேர்த்தே அறிவித்துவிடுகிறோம். இன்னும் இருபது ஆண்டுகளில் மிஞ்சப்போவது, தன் காலத்தில் நூற்றில் ஒருவர்கூட ஓட்டாத கார்கள் மட்டுமாக இருந்தால், அவற்றைப் பார்த்து அந்தக் காலத்துப் பயணத்தை எப்படி அறிந்துகொள்வது?

நான்காம்கியர்

திருப்புளி அவர்கள் சொன்ன கோணத்தில் நான் யோசித்ததில்லை. புதுமை செய்த கார் என்பதும் காப்பாற்றப்பட வேண்டிய கார் என்பதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவதற்கு என் அளவுகோல் இன்னும் பொருந்தும். இரண்டாவதற்கு அது போதாது.

ஆனால் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவாவின் வரையறைப்படி, வரலாற்று வாகனம் குறைந்தது 30 ஆண்டு பழையதாகவும், வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பேணப்பட்டதாகவும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தப்படாததாகவும் இருக்க வேண்டும். நாள்தோறும் ஓடுவதற்கென்றே பிறந்த சலூனுக்கு மூன்றாவது நிபந்தனை இடறுகிறது. தினமும் அலுவலகத்துக்குப் போய் வரும்வரை அது பழைய கார். அதை நிறுத்திவைத்த பிறகுதான் கிளாசிக். நீள்சாலை அவர்கள் தம் காரை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தே அதன் பெயரும் அமையும் போலிருக்கிறது.

நீள்சாலை

அனைவருக்கும் நன்றி. காரை நான் தினமும் எடுப்பதில்லை. மாதத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறேன். நகர நெரிசலில் அது சாதாரண வண்டியாகத்தான் தெரியும். நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு, முதுகு வலியின்றி இறங்கும்போதுதான், என் தந்தை ஏன் அதை விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

திருப்புளி அவர்களின் பதிலைப் படித்த பிறகு இரண்டு முடிவுகள் எடுத்துள்ளேன். துணி இருக்கைகளை அகற்றித் தோல் இருக்கைகள் போடும் எண்ணத்தைக் கைவிட்டேன். இந்தக் கார்களில் பெரும்பாலானவை அந்தத் துணியோடுதான் ஓடின, அதுவே தங்கட்டும். சில ஆண்டுகளுக்கு முன் கழற்றி வைத்த அசல் கேசட் பிளேயரையும் மீண்டும் பொருத்தப் போகிறேன். அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை இப்போதே திறந்து கெப்பாசிட்டர்களைச் சோதித்துவிடுவது நல்லதா, அல்லது கோளாறு தென்படும்வரை தொடாமல் விடுவதா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

திருப்புளி

முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டதால் காத்திருக்க வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை வெளியே எடுங்கள். பலகையில் பழுப்புக் கறையோ மீன் வாடையோ இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். சாலிடரிங் நன்கு கற்றவரிடம் கொடுத்து, எல்லாக் கெப்பாசிட்டர்களையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள். பழைய பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் உள்ள எண்ணைப் படம் எடுத்துச் சர்வீஸ் புத்தகத்தோடு வைத்திருங்கள். மாற்றுப் பெட்டி தேட நேர்ந்தால் அந்த எண்தான் உதவும்.