நார்ஃபோக் கிராமத்துப் பழைய பள்ளிக்கூடம் விற்பனைக்கு வந்துள்ளது: மகளுக்காக வாங்கலாமா?

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஆயர் ஈத்தாம், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஆறு ஆண்டுகளாக மருத்துவராகப் பணியாற்றும் என் மகள், சென்ற வாரம் ஒரு வீட்டின் படங்களை அனுப்பியிருந்தாள். நகரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், நார்ஃபோக் வட்டாரத்துக் கிராமமொன்றில், விக்டோரியா அரசியின் காலத்தில் கட்டப்பட்டு 1992-இல் மூடப்பட்ட தேவாலயத் தொடக்கப்பள்ளி அது. 2006-இல் வீடாக மாற்றப்பட்டு, இப்போது 475,000 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. சுவர்கள் சிக்கிமுக்கிக் கல்லால் ஆனவை. மூலைகளிலும் சன்னல் ஓரங்களிலும் மட்டும் செங்கல் வைத்திருக்கிறார்கள். முகப்பில் 1861 என்று பொறித்த கல்லும், கூரை முகட்டில் சிறிய மணிக்கூண்டும் இருக்கின்றன. சிறுவருக்கு ஒன்று, சிறுமியருக்கு ஒன்று என இரண்டு வாயில்கள். நிலைக்கு மேல் செதுக்கிய எழுத்து இன்னும் அழியவில்லை. பெரிய வகுப்பறைதான் இப்போது கூடம். அதற்குள்ளேயே பரண் கட்டி, மேலே படுக்கையறை அமைத்திருக்கிறார்கள்.

என் தந்தையார் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அந்தத் தோட்டம் கைமாறிய பிறகு, பள்ளி நின்ற இடத்தில் இன்று செம்பனை வளர்ந்து நிற்கிறது. ஒரு தூண்கூட மிஞ்சவில்லை. ஆகவே படத்தைக் கண்டவுடனேயே என் மனம் அந்தக் கட்டடத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அதனாலேயே, மனம் சாயாதவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் சேமிப்பிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து, மூவர் பெயரிலும் வாங்கலாம் என்பது எங்கள் எண்ணம். நூற்று அறுபது ஆண்டுப் பழைய சுவரை நம்பலாமா? பள்ளிக்கென்று தானமாகக் கொடுத்த நிலம், பள்ளி மூடப்பட்டால் கொடுத்தவருடைய வாரிசுக்கே திரும்பிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறாரே, அது உண்மையா? இவற்றுக்கெல்லாம் மேலாக, சரசுவதி குடியிருந்த இடத்தில் சமைத்து உண்டு உறங்குவது தகுமா என்று என் கணவர் தயங்குகிறார்.

மறுமொழி (கடைவீடுகளைப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர், ஜார்ஜ் டவுன்)

வணக்கம் டீச்சர். சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நார்ஃபோக்கின் அந்தச் சுவரும் நம் ஜார்ஜ் டவுன் கடைவீட்டுச் சுவரும் ஒரே இனம். இரண்டும் நடுவில் இடைவெளி விடாமல் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய திண்ணிய சுவர்கள். மழையும் நிலத்து ஈரமும் உள்ளே வரத்தான் செய்யும். வந்த ஈரம் சாந்தின் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். இந்த வழி திறந்திருக்கும் வரை அச்சுவருக்கு வயது ஒரு குறையே அன்று.

கேடு எங்கே வருகிறதென்றால், பிற்காலத்தில் யாராவது சிமெண்டால் இணைப்புகளை அடைக்கும்போதுதான். சில ஆண்டுகளுக்கு முன் லெபோ பினாங்குக்கு அருகில் ஒரு கடைவீட்டை எடுத்துச் செய்தோம். உள்சுவரில் இடுப்பளவுக்குச் சிமெண்டு பூசி, மேலே பளபளவென்று சாயம் அடித்திருந்தார்கள். பார்வைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. பூச்சைத் தட்டி எடுத்தபோது பின்னாலிருந்த செங்கல், விரலால் தேய்த்ததுமே ஈர மாவைப் போல் உதிர்ந்தது. வெளியேற வழியில்லாத ஓதம் பூச்சுக்கு மேலே ஏறிப்போய், தலைக்கு மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்தச் சுவர் காய்வதற்கே பல மாதங்கள் பிடித்தன; அதன் பிறகுதான் சுண்ணாம்பு பூச முடிந்தது.

சிக்கிமுக்கிக் கல்லில் இந்தக் கேடு இன்னும் கடுமையாக இருக்கும். செங்கல்லாவது தானும் சிறிது ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். சிக்கிமுக்கி கண்ணாடியைப் போன்றது, அதற்குள் நீர் புகாது. சுவர் காய்வது முழுவதும் கற்களுக்கு இடையிலுள்ள சாந்தின் வழியாகத்தான். அதையும் சிமெண்டால் அடைத்துவிட்டால் சுவருக்குப் போக்கிடம் இல்லை. குளிர்நாட்டில் அந்த ஈரம் உறைந்து விரிவதால் செங்கல்லின் முகம் பெயர்ந்து விழும். விட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் மரம் இற்றுப்போகும். வீட்டைப் பார்க்கப் போகும்போது, சாந்தைச் சாவியால் மெல்லக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பாக இருந்தால் வெளிர் நிறத்தில் பொடியாக உதிரும். சாம்பல் நிறத்தில் கல்லாக இறுகியிருந்தால் அது சிமெண்டு. வடக்குச் சுவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே வெயில் படுவதில்லை.

கடன் கொடுக்கும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். அது வங்கியின் பாதுகாப்புக்காகச் செய்யப்படுவது. அங்கே பட்டயம் பெற்ற ஆய்வாளர்கள் மூன்று நிலைகளில் வீட்டை ஆய்ந்து அறிக்கை தருகிறார்கள். இப்படிப்பட்ட கட்டடத்துக்கு மூன்றாம் நிலை ஆய்வுதான் பொருந்தும். அதையும் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரிடமே கொடுங்கள்.

மறுமொழி (நில ஆவண வழக்கறிஞர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

உங்கள் உறவினர் சொன்னது வெறும் வதந்தி அன்று, அம்மா. அதன் வேர் 1841-ஆம் ஆண்டின் பள்ளி நிலச் சட்டத்தில் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக ஒரு ஏக்கருக்கு மேற்படாத நிலத்தை எளிய முறையில் எழுதிக் கொடுக்க நிலக்கிழார்களுக்கு அச்சட்டம் வழி செய்தது. பள்ளி நடப்பது நின்றால் நிலம் கொடுத்தவரின் சொத்தோடு மீண்டும் சேர்ந்துவிடும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. நம் ஊர்க் கிரானில் (நில உரிமைப் பத்திரத்தில்) எழுதியிருக்கும் ‘சியாராட் ஞாத்தா’வை, அதாவது நிலத்தை இன்னதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையை, நினைத்துக்கொண்டால், நிலத்தின் பயன்பாட்டோடு உரிமை பின்னிக் கிடப்பது உங்களுக்கு எளிதில் விளங்கும்.

கிராமப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, நூறாண்டுக்கு முன் நிலம் கொடுத்தவருடைய வாரிசு யார் என்று தெரியாமல் பெருங்குழப்பம் உண்டானது. அதைத் தீர்ப்பதற்காக வந்த 1987-ஆம் ஆண்டின் சட்டம், அவ்வாண்டு ஆகஸ்டு 17 முதல், நிலம் தானாகத் திரும்பும் முறையை நீக்கியது. அதன்படி, பள்ளி மூடப்பட்டாலும் நிலம் அறங்காவலர்கள் கையிலேயே இருக்கும். வாரிசுகளுக்காக அவர்கள் அதைப் பொறுப்பில் வைத்திருப்பார்கள், விற்கவும் செய்யலாம். அவர்களிடம் முறைப்படி வாங்கியவருடைய நிலம் பறிபோகாது. வாரிசுக்கு உரிமை உண்டென்றால் அது விற்ற பணத்தின் மேல்தான். உங்கள் பள்ளி 1992-இல் மூடப்பட்டது என்பதால் இந்த ஏற்பாட்டுக்குள் வருகிறது. ஆகவே அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியவை: பள்ளி மூடப்பட்ட பின் முதலில் விற்றவர் யார், ஒரே ஒருவரிடம் அல்லாமல் இரண்டு அறங்காவலர்களிடமோ அறக்காப்பு நிறுவனத்திடமோ பணம் செலுத்தப்பட்டதா, நிலப் பதிவகத்தில் உள்ளது முழு உரிமையா, கைப்பற்று உரிமையா? கைப்பற்று உரிமை, அதாவது போதிய பத்திரச் சான்று இல்லாமல் நிலம் கைவசம் இருப்பதைக் கொண்டு தரும் உரிமை, என்று பதிவாகியிருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். கட்டடம் மரபுரிமைப் பட்டியலில் (சட்டம் பாதுகாக்கும் பழைய கட்டடங்களின் பட்டியலில்) இருக்கிறதா? இருந்தால், அந்தப் பரணை 2006-இல் கட்டும்போது அதற்கான தனி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாத வேலையை அகற்றச் சொல்லி, எத்தனை ஆண்டு கழிந்தாலும், அன்றைய உரிமையாளருக்கு ஆணையிடலாம். செய்தது முந்தியவர் என்றாலும் செலவு உங்கள் மகளுடையது.

மூவர் பெயரில் வாங்குவதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். உங்கள் மகள் இதற்கு முன் உலகில் எங்கும் வீடு வாங்கியதில்லை என்றால், தான் குடியிருக்கும் முதல் வீடு என்ற சலுகையில் 475,000 பவுண்டுக்கு அவள் கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வை 8,750 பவுண்டு. நீங்களும் சேர்ந்தால் அந்தச் சலுகை போய்விடும். உங்களுக்குப் பினாங்கில் வீடு இருப்பதால் 5 விழுக்காடும், நீங்கள் அங்கே வசிக்காதவர்கள் என்பதால் 2 விழுக்காடும் முழு விலையின் மேல் கூடி, தீர்வை 47,000 பவுண்டு ஆகிவிடும். அதோடு இங்கிலாந்தில் உங்கள் பெயரில் சொத்து இருந்தால், 325,000 பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்புக்கு 40 விழுக்காடு மரபுச் சொத்து வரி (இறந்தவரின் சொத்துக்கான வரி) உண்டு. மலேசியாவில் 1991-இலேயே அத்தகைய வரி ஒழிக்கப்பட்டதால் நம்மவர்கள் பெரும்பாலும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. பணத்தை மகளுக்குப் பரிசாகக் கொடுத்து, அவள் பெயரில் மட்டும் வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்றையும், திருப்பிக் கேட்கமாட்டோம் என்ற கடிதத்தையும் வங்கி கேட்கும். சேமநிதி அறிக்கைகளை இப்போதே எடுத்து வையுங்கள்.

உங்கள் கணவரின் தயக்கத்துக்கு அதே 1841-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. பள்ளியோடு ஆசிரியர் குடியிருக்கும் வீட்டுக்கும் அச்சட்டத்தின்படி நிலம் கொடுக்கலாம். ஆசிரியர் குடும்பம் பள்ளியை ஒட்டியே சமைத்து உண்டு வாழ்ந்த வழக்கம் அது. உங்கள் தந்தையாரும் பள்ளியை ஒட்டித்தானே குடியிருந்திருப்பார்?

மறுமொழி (இல்லத்தரசி, பங்சார், கோலாலம்பூர்)

என் தம்பி குடும்பம் சஃபோக்கில் இப்படியொரு பள்ளி வீட்டில் எட்டு ஆண்டுகள் இருந்தது. இரண்டு குளிர்காலம் நானும் அங்கே தங்கினேன். பாடம் நடக்கும்போது பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்க்கக் கூடாது என்று சன்னல்களை உயரத்தில் வைத்திருந்தார்கள். நாற்காலியில் அமர்ந்தால் வானம் மட்டுமே தெரியும். தோட்டத்தைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை சூடு. கூடத்தின் கூரை அவ்வளவு உயரம் என்பதால் சூடெல்லாம் மேலே போய்த் தங்கிவிடும். பரணில் போர்வை தேவைப்படாது, கீழே இரண்டு காலுறை போட்டாலும் பாதம் சில்லிடும். எரிவாயுக் குழாய் வராத கிராமம் என்றால் பெரும்பாலும் வெளியே தொட்டியில் எண்ணெய் நிரப்பித்தான் வீட்டைச் சூடாக்க வேண்டியிருக்கும். கடந்த மூன்று குளிர்காலத்து எண்ணெய்ச் செலவுச் சீட்டுகளை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். கழிவுநீர்த் தொட்டி இருந்தால் அதன் நீர் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். ஓடையிலோ வாய்க்காலிலோ நேரே விடுவது 2020 முதல் அங்கே கூடாது.

இன்னொரு செய்தி, டீச்சர், உங்களுக்காகவே சொல்கிறேன். அரசு நிதி பெற்ற பள்ளிகளின் தலைமையாசிரியர் நாட்குறிப்பேடு எழுத வேண்டும் என்பது 1862-இல் வந்த விதி. அறுவடைக்குப் போன பிள்ளைகள், காய்ச்சலால் மூடிய நாள்கள், ஒழுகிய கூரை எல்லாம் அவற்றில் இருக்கும். நாரிச்சிலுள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் இத்தகைய ஏடுகள் பல பாதுகாக்கப்படுகின்றன. கூரையும் சுவரும் எந்த ஆண்டில் என்ன பாடுபட்டன என்று எந்த ஆய்வாளரைவிடவும் அந்த ஏடு நன்றாகச் சொல்லும்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கிழக்கிலும் தெற்கிலும் சாந்து பொடியாக உதிர்கிறதாம். வடக்குச் சுவரில் மார்பளவுக்குச் சாம்பல் நிறமாக இறுகிக் கிடக்கிறதாம். உட்புறத்தில் அதே இடத்தை ஒரு புத்தக அலமாரி மறைத்திருக்கிறது. அதை நகர்த்திக் காட்ட விற்பவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டடம் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ளது. பரணுக்கான ஒப்புதலைத் தரகரால் உடனே காட்ட முடியாததால், ஊராட்சி மன்றக் கோப்பைப் பார்க்க மகள் எழுதிக் கேட்டிருக்கிறாள். அந்தத் தாளும் 1992-க்குப் பிந்தைய முதல் விற்பனைப் பத்திரமும் கைக்கு வரும் வரை விலை பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வாங்கினால் அவள் பெயரில் மட்டுமே வாங்குவோம். ஆசிரியர் வீட்டைப் பற்றிய செய்தியைப் படித்துக் காட்டியபோது, என் தந்தையாருக்கும் பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறைதானே இருந்தது என்று என் கணவரே சொன்னார். சாவியால் கீறியதில் உதிர்ந்த சுண்ணாம்பை மகள் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். ஆய்வாளரிடம் காட்ட அது போதுமா என்று கடைவீட்டு ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (ஒப்பந்தக்காரர், ஜார்ஜ் டவுன்)

போதும், டீச்சர். வடக்குச் சுவரிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து, தனி உறையில் போட்டு, எந்த இடத்தில் எத்தனை அடி உயரத்தில் எடுத்தது என்று மேலே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.