பேசினதைப் பதிவாக்கச் சொன்னா ஏஐ செய்தித்தாள் மாதிரி எழுதுது, என் நடைக்கு எப்படிப் பழக்கறது?

கொழுந்து, கோத்தகிரி

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குச் சின்னதா ஒரு தேயிலைத் தோட்டம் இருக்குங்க. கவாத்து (செடியை வெட்டி விடறது), உரம், இலை விலை, ஆள் கிடைக்காத கஷ்டம், உறைபனியில கருகுன செடின்னு தோட்டத்துல நடக்கறதை வாராவாரம் எழுதிட்டு வர்றேன். இலை அதிகமா வர்ற மாசத்துல உட்கார்ந்து டைப் பண்ண நேரமே இருக்காது. அதனால தோட்டத்துல நிக்கும்போதே போன்ல பேசிப் பதிவு பண்ணி, அதை எழுத்தாக்கி, ஏஐ-கிட்ட குடுத்து "என் நடையில பதிவா எழுது"ன்னு கேக்கறேன். நடை தெரியட்டும்னு பழைய பதிவுகளையும் மொத்தமா குடுத்திருக்கேன்.

வர்றது என் எழுத்தா இல்லை. நான் பேசுனது இது:

"கீழ்த்தோட்டத்துல ரெண்டு மூணு செடியில இலைக்கு அடியில வெள்ளைக் கொப்புளம் பாத்தேன். வெயிலே இல்லை. காப்பர் அடிக்கலாமான்னு யோசனை. வெயில் வந்துட்டா விட்டுடுவேன்."

ஏஐ எழுதுனது இது:

"இயற்கை எழில் கொஞ்சும் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் கொப்புள நோயால் பெருமளவில் பாதிக்கப்பட்டுள்ளன. விவசாயிகள் உடனடியாகக் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிப்பது அவசியம். விழிப்புடன் செயல்பட்டால் வளமான விளைச்சலைப் பெறலாம்!"

ரெண்டு மூணு செடி எப்படிப் பெருமளவு ஆச்சு? யோசனைன்னு சொன்னது எப்படி அவசியம் ஆச்சு? என்னைப் படிக்கறவங்க பக்கத்து ஊர்த் தோட்டக்காரங்க. இதைப் பாத்துட்டு ஒருத்தர் மருந்து வாங்கி ஆள் வச்சு அடிச்சுட்டாங்கன்னா அந்தச் செலவுக்கு நான்தானே பொறுப்பு? அழகா இல்லைங்கறதை விட இதுதான் எனக்குப் பெரிய கவலை.

இன்னும் சில தொல்லை இருக்கு. பழைய பதிவுல இருந்த இலை விலையை இந்த வாரத்து விலையா போட்டுருது. நான் எப்பவாவது "பாப்போம்"னு முடிப்பேன், அது பத்திக்குப் பத்தி "பாப்போம்"ங்குது. சாட் நீளமாச்சுன்னா மறுபடி செய்தித்தாள் நடைக்கே போயிருது. யாராவது வழி சொல்லுங்க.

குன்னூர்க்காரன்

அக்கா, பழைய பதிவு எல்லாத்தையும் போட்டா டோக்கன் (ஏஐ எழுத்தை உடைச்சு எண்ணுற துண்டு) தீர்ந்துடும், தமிழுக்கு ரொம்ப இழுக்கும். ஃபைன்-ட்யூனிங், அதாவது உங்க எழுத்தை வச்சு மாடலுக்கே பயிற்சி, பண்ணிடுங்க.

அப்புறம், அந்தக் கொப்புளம் கவாத்து பண்ணின இடத்துலயா? எங்க பக்கமும் கவாத்துக்கு அப்புறம் துளிர்க்கற செடியிலதான் அதிகமா பிடிக்குது.

கொழுந்து, கோத்தகிரி

ஆமாங்க தம்பி, போன வருஷம் கவாத்து பண்ணின பகுதிதான்.

ஃபெர்ன்ஹில்வாசி

டோக்கன் கவலை பழைய மாடல்களுக்குப் பொருந்தும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய உதாரணத்திலேயே, முன்பு 116 டோக்கன் பிடித்த தமிழ்ப் பகுதி 35-க்கு இறங்கியிருந்தது. உங்கள் பதிவுகளுக்கு இடம் போதும். ஃபைன்-ட்யூனிங்கும் இப்போதைக்கு வேண்டாம். அது மாடலையே மாற்றுகிற வேலை. தப்பாகப் பழகிவிட்டால் திரும்பவும் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கும். பிராம்ப்ட், அதாவது நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளை என்றால் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது.

நீங்கள் போட்ட உதாரணத்திலேயே பதில் இருக்கிறது. எவ்வளவு பார்த்தீர்களோ அவ்வளவுதான் சொல்கிறீர்கள். தெரியாததைத் தெரியாததாகவே விடுகிறீர்கள். உங்கள் நடையின் உயிர் அதுதான். "பாப்போம்" மேலே தெரிகிற அடையாளம், அதனால் ஏஐ அதைப் பிடித்துக்கொண்டது. இந்த மாடல்களுக்குக் கடைசிக்கட்டப் பயிற்சி, மனிதர்கள் எந்தப் பதிலை விரும்பினார்கள் என்பதையும் வைத்து நடக்கிறது. உதவியாக, முழுமையாக, உறுதியாகச் சொல்லும் பழக்கம் அதில் ஊறிவிடுகிறது. நீங்கள் "யோசனை" என்று நிறுத்தினால் அதை நிரப்ப வேண்டிய குறையாக எடுத்துக்கொள்கிறது.

அதனால் "எழுது" என்று கேட்கவே வேண்டாம், "திருத்து" என்று கேளுங்கள். இப்படி:

"கீழே இருப்பது நான் பேசியது. என் வாக்கியங்களை என் வரிசையிலேயே வை. தடுமாறித் திரும்பச் சொன்னதை மட்டும் நீக்கு. நான் சொல்லாத தகவல், அறிவுரை, முன்னுரை, முடிவுரை எதையும் சேர்க்காதே. எத்தனை செடி, என்ன விலை என்பது அப்படியே இருக்கட்டும். 'யோசனை', 'தெரியலை', 'இருக்கலாம்' என்று சொன்ன இடத்தில் அதற்கு மேல் உறுதி கூட்டாதே. புரியாத சொல் வந்தால் ஊகிக்காமல் கேள்விக்குறி போடு."

அந்த மோசமான பத்தியை அழித்துவிடாதீர்கள். அது எழுதியதையும், அதை நீங்கள் கையால் திருத்தியதையும் அடுத்தடுத்து வைத்து ஜோடியாகக் கொடுங்கள். "எளிமையா எழுது, இயல்பா எழுது" என்று எத்தனை விளக்கினாலும் பெரிதாக எதுவும் மாறாது. ஜோடியைக் காட்டும்போதுதான் முன்னுரை எங்கே போனது, "அவசியம்" எங்கே "யோசனை" ஆனது என்று அதற்குத் தெரிகிறது. நல்ல ஜோடி நாலைந்து இருந்தால் மொத்தப் பதிவையும் கொட்டுவதைவிட மேல்.

பழைய விலை நுழைவதற்குக் காரணம், எதை நடைக்குக் கொடுத்தீர்கள், எதைத் தகவலுக்குக் கொடுத்தீர்கள் என்று அது தானாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. மாதிரிப் பதிவுகளில் விலை, தேதியை அழித்துவிட்டு வெறும் கோடு போடுங்கள். "பாப்போம்" என்று முடியாத பதிவுகளாகவும் பார்த்து எடுங்கள்.

சாட் நீளமாகும்போது நடை மாறுவதற்குக் காரணம் வேறு. அது எழுதியதெல்லாம் அந்த சாட்டிலேயே சேர்கிறது. கொஞ்ச நேரத்தில் உங்கள் எழுத்தைவிட அதன் எழுத்து அதிகமாகி, தன்னையே பார்த்து எழுத ஆரம்பிக்கிறது. பதிவுக்கு ஒரு புது சாட் திறங்கள். கட்டளையையும் ஜோடிகளையும் சாட்ஜிபிடி, கிளாட் என்றால் ப்ராஜெக்ட்டில், ஜெமினி என்றால் ஜெம்மில் நிரந்தரமாக வைத்துவிடலாம்.

கூடலூர் மிளகு

மேல சொன்னது சரி. ஒண்ணு சேத்துக்கங்க: "பேச்சுத் தமிழ்ல எழுது"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கு சினிமாவுல வர்ற மெட்ராஸ் பேச்சு வந்துச்சு. பேச்சுக்கு ஒரே எழுத்துமுறையும் கிடையாது, ஒரே பத்தியில "பாத்தேன்", "பார்த்தேன்" ரெண்டும் வரும். நீங்க எப்படி எழுதுவீங்களோ அதை ஒரு பட்டியலா குடுத்துடுங்க. ஊர்ப்பேரும் அதிலேயே இருக்கட்டும். கட்டபெட்டு, அரவேணு, சோலூர்மட்டம் எல்லாம் பேச்சை எழுத்தாக்கும்போதே சிதைஞ்சிரும். கவாத்து, கரட்டு இலை மாதிரி தோட்டத்துச் சொல்லும் அப்படித்தான்.

கொழுந்து, கோத்தகிரி

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஜோடி வச்சு, புது சாட்ல அதே பேச்சைக் குடுத்துப் பாத்தேன்:

"கீழ்த்தோட்டத்துல ரெண்டு மூணு செடியில இலைக்கு அடியில வெள்ளைக் கொப்புளம் பாத்தேன். வெயில் இல்லை. காப்பர் அடிக்கலாமான்னு யோசனை. வெயில் வந்துட்டா விட்டுடுவேன்."

கிட்டத்தட்ட நான்தான். ஆனா "வெயிலே இல்லை"ங்கறதை "வெயில் இல்லை" ஆக்கிடுச்சு. ஒரு நாள் மேகம் போட்டா "வெயில் இல்லை"ம்பேன். நாள்கணக்கா முகமே காட்டலைன்னாதான் "வெயிலே இல்லை". வெயில் இல்லாத ஈரத்துலதான் கொப்புளம் பரவும். தோட்டக்காரங்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

ஃபெர்ன்ஹில்வாசி

சரியாகப் பிடித்தீர்கள். "நீக்கு" என்று சொன்னதால் அழுத்தத்தையும் மிகையென்று நினைத்து எடுத்திருக்கும். "ஏ, தான், கூட என்று அழுத்திச் சொன்ன இடங்களைத் தொடாதே" என்று ஒரு வரி சேர்த்து, இந்தத் திருத்தத்தையும் ஒரு ஜோடியாகப் போடுங்கள்.

வெளியிடுவதற்கு முன்னால் இன்னொரு புது சாட்டில் நீங்கள் பேசியதையும் அது எழுதியதையும் வைத்து, "இரண்டாவதில் கூடுதலாக, குறைவாக, அல்லது அதிக உறுதியோடு சொன்ன இடங்களைக் காட்டு" என்று கேளுங்கள். எழுதிய சாட்டிலேயே கேட்டால் பெரும்பாலும் "எல்லாம் சரி" என்றுதான் வரும். அது காட்டியதோடு விடாமல் எண்களை மட்டும் நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொழுந்து, கோத்தகிரி

செய்யறேன். விலை, மருந்து அளவு ரெண்டையும் இனி ஏஐ-கிட்ட குடுக்கப் போறதில்லை, அந்த வரியை நானே டைப் பண்ணிக்கறேன். வேற தோட்டக்காரங்களுக்கு வேணும்னா மேல இருக்கற கட்டளையை அப்படியே எடுத்துக்கலாம். ஜோடிகளை மட்டும் அவங்கவங்க எழுத்துல இருந்து போட்டுக்கங்க, என்னோடதை வச்சா உங்க பதிவு என்னை மாதிரி ஆயிரும்.