இரண்டாம் இரவு: சிறுகோள் தேடுபவர்களோடு எங்கள் அனுபவங்கள்

நான் வானம் பார்க்கக் கற்றது ஒரு பெரியவரிடம். கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் கூரையைத் தள்ளித் திறக்கும் சின்ன அறை, உள்ளே 35 சென்டிமீட்டர் தொலைநோக்கி. முதல் நாள் போனதும் கண் வைத்துப் பார்க்க இடம் தேடினேன். அந்த இடத்தில் மங்கிய ஒளியையும் பதிவுசெய்யும் சிசிடி கேமரா பொருத்தியிருந்தது. "நாம தேடுறது கண்ணுக்குத் தெரியாதுப்பா, திரையைப் பாரு" என்றார்.

திரையில் ஒரே வானத்துண்டின் நான்கு படங்கள், பத்து நிமிட இடைவெளியில் எடுத்தவை. அஸ்ட்ரோமெட்ரிகா மென்பொருளில் அவற்றை மாற்றி மாற்றி ஓடவிடுவார். விண்மீன்கள் அப்படியே நிற்கும், சூரியனைச் சுற்றும் பாறையான சிறுகோள் மட்டும் நகரும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுபவை, சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் நமக்குத் தெரியும்போது, அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 15 வில்விநாடி நகரும். முழுநிலவின் அகலத்தை 120 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அந்த அசைவுக்குக் கண் பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது. கேமராவில் கெட்டுப்போன பிக்சலும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்ட தடமும் சிறுகோள் போலவே தெரியும். அதற்குள் எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறேன்.

ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்கு ஒரு புள்ளி கிடைத்தது. நான்கு படத்திலும் இருந்தது, ஒரே நேர்கோட்டில், ஒரே வேகத்தில். தெரிந்த சிறுகோள்களின் பட்டியலில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவரோ முதலில் கணினியின் கடிகாரத்தைச் சரிபார்த்தார். நேரம் பிசகினால் அளந்த இடத்துக்கு மதிப்பில்லை. பிறகு சுற்றியுள்ள விண்மீன்களை வைத்து இடத்தை அளந்து, உலகெங்குமிருந்து சிறுகோள் அளவீடுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டருக்கு அனுப்பினார். "பாதிதான் முடிஞ்சிருக்கு. இன்னொரு ராத்திரி பிடிக்கணும்" என்றார்.

அந்த இன்னொரு இரவு எங்களுக்கு வாய்க்கவே இல்லை. எட்டு நாள் விடாத மேகம். அது விலகியபோது நிலா வளர்ந்திருந்தது. பிரகாச எண் 20 உள்ள புள்ளியெல்லாம் (எண் கூடக் கூட மங்கல்) நிலவொளியில் கரைந்துபோகும். இதற்கிடையே ஒரு பெரிய தேடல் தொலைநோக்கி இரண்டு இரவு அதைப் படமெடுத்து அறிவித்துவிட்டது. 2010 முதல் உள்ள விதிப்படி, இரண்டாம் இரவின் அளவீட்டையும் முதலில் கொடுப்பவர்தான் கண்டுபிடித்தவர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிலா தேய்ந்ததும் பெரியவர் அதே சிறுகோளை மறுபடி தேடிப் பிடித்து, அளந்து அனுப்பினார். "யார் பேர்ல இருந்தா என்ன? அது போற பாதை தெரியணும்ல?" எங்கள் முதல் இரவின் அளவீடும் அந்தப் பாதைக் கணக்கில் பின்னால் சேர்ந்தது.

*

மேலே எழுதியவரின் பெரியவர் சொன்னதுபோல், சிறுகோள் போகும் பாதையைத் தெரிந்துகொள்வதுதான் என் வேலையும். ஜப்பானின் அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) வானியலாளர் தகாவோ கோபயாஷி 2000க்கும் மேற்பட்ட சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். லினியர், காட்டலினா, பான்ஸ்டார்ஸ் போன்ற தானியங்கித் தேடல்கள் வந்தபிறகு தனியாளுக்கு அது மிகவும் கடினம். ஆனால் பூமிக்கு அருகே வரும் ஒன்றை அவை பார்த்ததும், சீக்கிரமே வேறு யாராவது திரும்பப் பார்க்காவிட்டால் அது தொலைந்துபோகலாம். அப்படி உறுதி செய்யவேண்டியவற்றின் பட்டியலைத் திறந்து, என் வானத்தில் எது ஏறியிருக்கிறது என்று பார்ப்பதில்தான் என் இரவு தொடங்கும்.

வேகமாக ஓடுவதை ஒரே நீண்ட படமாக எடுத்தால் மங்கிய கோடாக இழுபடும். அதனால் குட்டிக் குட்டிப் படங்களாக எடுத்து, அதன் ஓட்டத்துக்கு ஏற்ப நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். விண்மீன்கள் கோடாகிவிடும், நடுவில் ஒரு புள்ளி மட்டும் எழுந்து வரும். முதல்முறை அது எழுந்து வந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் சம்பவம் ஒன்று உண்டு. 2002 செப்டம்பர் 3 அன்று அமெச்சூர் பில் யியுங் ஒரு பொருளைப் பிடித்தார். பாதையைக் கணித்தால் அது பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது! அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்த நிறமாலையில், வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் அடையாளம் தெரிந்தது. 1969இல் நிலவுக்குக் கிளம்பிய அப்போலோ 12 ராக்கெட்டின் மூன்றாம் அடுக்காக அது இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். தனியாள் தேடலுக்கு இனி இடமில்லை என்று யாராவது சொன்னால், 2019 ஆகஸ்ட் 30 அன்று தானே செய்த 0.65 மீட்டர் தொலைநோக்கியால் நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த வால்மீனைப் பிடித்த கென்னாடி போரிசோவைச் சொல்வேன்.

*

நான், சிறுகோள் தேடும் ஒருவரின் மகள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் எங்கள் வீட்டில் வெளியூர்ப் பயணம் கிடையாது. அப்பா பகலில் வேலைக்குப் போவார், இரவில் மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். அம்மாவுக்கு அதில் வருத்தம் உண்டு. உடம்பு என்னாகும் என்ற பயம்.

அப்பாவின் சிறுகோள் ஒன்றுக்கு நிரந்தர எண் கிடைக்க ஆறு வருடம் ஆனது. பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பார்த்துச் சுற்றுப்பாதை உறுதியானால்தான் எண் தருவார்கள். அதற்குப் பிறகு பெயர் முன்மொழிய, கண்டுபிடித்தவருக்குப் பத்து ஆண்டு உரிமை. ரோமன் எழுத்தில் 16க்கு மிகக் கூடாது, தன் பெயரையே வைத்துக்கொள்வதும் மரபில்லை. என் பெயரை வைப்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன். அம்மாவின் பெயரை எழுதி அனுப்பியிருந்தார்.

பெயர் ஏற்கப்பட்ட அறிவிப்பை அம்மா இரண்டு முறை வாசித்தார். "இப்ப அது எங்க இருக்கு?" என்று கேட்டார். அப்பா அவரை வெளியே கூட்டிப்போய், தோளைப் பிடித்துத் திருப்பி, கிழக்கே கொஞ்சம் தாழ்வாக ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று பேரும் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.