மறு: ‘பாய்மரச் சீரமைப்பு’ என்ற ஒரே சொல் போதுமா?

> சாய்வு, இழுவிசை இரண்டுக்கும் பொதுவாகப் ‘பாய்மரச் சீரமைப்பு’ என்றே வைத்துவிடலாமே.

ஐயா, வணக்கம். அப்படி வைத்தால் நம் பாய்ப்படகுக் கையேட்டின் கலைச்சொற்களைப் படிப்பவர் தப்பான டர்ன்பக்கிளைத் (வடத்தை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் திருகு) திருகிவிடுவார். இரண்டும் வேறு வேறு வேலை.

மரம் பின்னால் எவ்வளவு சாய்கிறது என்பது முதலில் முன்வடத்தின் (மரத்தைப் படகின் முன்முனையோடு கட்டும் கம்பி) நீளத்தைப் பொறுத்தது. பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, அது மரத்தின் அடியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளக்கிறோம். எடை ஆடாமலிருக்க ஒரு வாளித் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். 12 மீட்டர் மரத்தில் 1 பாகைக்குச் சுமார் 21 செ.மீ. வரும். அளவு மீறினால் பாயின் விசைமையம் (காற்றின் தள்ளல் குவியும் புள்ளி) பின்னுக்குப் போய், படகு காற்றுப் பக்கமே திரும்பப் பார்க்கும். சுக்கானோடு ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டும். காற்றில் படகு ஒருபக்கம் படுப்பதையும் ‘சாய்வு’ என்றே சொல்வதால், இதற்குப் ‘பின்சாய்வு’ என்பது என் பரிந்துரை.

இழுவிசை பக்கவடங்களின் (மரத்தை இடமும் வலமும் தாங்கும் கம்பிகள்) சங்கதி. 1×19 (19 இழைகளை முறுக்கிய) எஃகுக் கம்பியில், கையால் இறுக்கிய நிலையில் 2 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 1 மி.மீ. நீண்டால், கம்பி அறுபடும் விசையில் 5 விழுக்காடு அளவுக்கு இழுவிசை ஏறியிருக்கிறது. மேல் பக்கவடத்துக்கு 3 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். இடம், வலம் மாற்றி மாற்றிச் சம சுற்றுகள் திருக வேண்டும். ஒரே பக்கமாகத் திருகினால் மரத்தின் உச்சி அந்தப் பக்கம் போய்விடும்.

---

தம்பி, பின்சாய்வு, முன்வடம், பக்கவடம் மூன்றும் எனக்குச் சம்மதம். காசிமேட்டில் ‘டைட்டு, லூசு’ என்றுதான் பேச்சு. ஆனாலும் அளந்து எழுதும் இடத்தில் இழுவிசையே சரி. டர்ன்பக்கிளை மட்டும் தொடாதீர்கள். பாரிமுனைக் கடையில் வேறு பெயர் சொன்னால் பொருள் கிடைக்காது.

ஒன்று விட்டுப்போனது. குறுக்குக் கைகள் (பக்கவடங்களை மரத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும் தண்டுகள்) பின்னோக்கி அமைந்த படகுகளில் மேல் பக்கவடத்தை இறுக்கினால் மரத்தின் நடுப்பகுதி முன்னால் வளையும். அது பின்சாய்வும் இல்லை, இழுவிசையும் இல்லை. ‘முன்வளைவு’ என்று தனிப் பதிவாகச் சேர்க்க வேண்டும். ஓட்டத்தில் காற்று மறைவுப் பக்கத்து வடம் தொளதொளவென்று ஆடினால் இழுவிசை போதவில்லை என்று பொருள்; ஒவ்வொரு அலைக்கும் வெட்டி இழுத்து, கம்பி முனைப்பிடியில்தான் முதலில் இழை விடும். இந்த அடையாளத்தை ‘இழுவிசை’ விளக்கத்திலேயே எழுதுங்கள். திருகி முடித்ததும், டர்ன்பக்கிள் தானாகக் கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின் போடச் சொல்லும் வரியும் அங்கேயே வரட்டும்.