வேப் கருவியின் தரத்தை எந்தெந்த அளவுகளால் சோதிக்கிறார்கள்?

அடிவாரத்துக்காரர், சேலம்

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் உருக்காலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது ஏற்காட்டு மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வசிக்கிறேன். என் மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை செய்கிறான். அங்கே போன பிறகு சிகரெட் பழக்கம் தொற்றிக்கொண்டது. அதை விடுவதற்காக என்று சொல்லி, மின் சிகரெட் எனப்படும் வேப் கருவிக்கு மாறினான். முதலில், பயன்படுத்தித் தூக்கி எறியும் வகையைத்தான் வாங்கிக்கொண்டிருந்தான். 2025 ஜூன் 1 முதல் அந்த வகையின் விற்பனைக்கு அங்கே தடை வந்துவிட்டதால், சார்ஜ் ஏற்றி, திரவம் நிரப்பி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கருவி ஒன்றை இப்போது வைத்திருக்கிறான்.

அதையும் அவன் விட்டுவிட வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் எல்லோருடைய விருப்பமும். அதை அவனிடம் சொல்லாமலும் இல்லை. ஆனால் விடுகிற நாள் வரை அது அவன் சட்டைப் பையிலும் தலைமாட்டிலும்தான் இருக்கப்போகிறது. பேட்டரி தீப்பிடித்துத் தொடை வெந்துபோன செய்திகளைப் படித்ததிலிருந்து அவனுடைய அம்மாவுக்கு நிம்மதியான தூக்கம் இல்லை. இணையத்தில் தேடினால் சுவை, புகையின் அடர்த்தி, நிறம் என்றே பேசுகிறார்கள். ஆலையிலிருந்து ஓர் எஃகுத் தகடு வெளியே போகும்முன் அதன் தடிமனுக்கும் கடினத்துக்கும் மேற்பரப்புக்கும் தனித்தனி அளவும் சான்றும் இருக்கும். மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் ஆவியை உண்டாக்குகிற கருவிக்கு அப்படி என்ன அளவுகள் உள்ளன? அவற்றில் எவற்றை அவன் தன் அறையிலேயே பார்த்துக்கொள்ள முடியும்? பொங்கலுக்கு வரும்போது அவன் அதைக் கையோடு எடுத்து வந்தால் நானே ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சட்டம் அறிந்தவர்

ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். தயவுசெய்து எடுத்துவரச் சொல்லாதீர்கள். தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டிலேயே மின் சிகரெட்டுகளைத் தடை செய்தது. 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு அனைத்தையும் நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. இறக்குமதி முதலானவற்றுக்கு முதல் குற்றத்தில் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மறுமுறை செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. ஒன்றே ஒன்றுதானே, சொந்த உபயோகத்துக்குத்தானே என்று விமான நிலையத்தில் வாதாட முடியாது. பார்க்க வேண்டியதை அவர் அங்கேயே பார்க்கட்டும்.

பேட்டரி மேசை, செவ்வாய்ப்பேட்டை

வணக்கம் ஐயா. நான் பவர் பேங்க், மின் ஸ்கூட்டர் ஆகியவற்றின் பேட்டரிகளைப் பழுது பார்ப்பவன். இந்தக் கருவிகள் என் மேசைக்கு வருவதில்லை; ஆனால் உள்ளே இருக்கும் லித்தியம் செல் நான் அன்றாடம் கையாளும் அதே செல்தான். ஆகவே உங்கள் வீட்டம்மாவின் கவலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில், செல் கழற்றக்கூடியதா, உள்ளேயே பொதிந்ததா என்று கேளுங்கள். கழற்றக்கூடியதென்றால் பெரும்பாலும் 18650 என்ற அளவில் இருக்கும். அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உருளையின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனையை அதிலிருந்து பிரித்து வைத்திருப்பது மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறையும் முனையில் இருக்கும் சிறு வளையமும்தான். உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும், உதிரி செல் சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடந்தாலும், சாவி இரு முனைகளையும் இணைத்துவிடும். நீங்கள் படித்த தொடைக் காயங்களில் பல இப்படி நேர்ந்தவைதான். உறை கிழிந்த செல்லை மீண்டும் கருவியில் போடக் கூடாது, உதிரி செல்லுக்குத் தனிப் பெட்டி வேண்டும்.

உள்ளேயே பொதிந்த செல் என்றால் பார்க்க வேண்டியவை வேறு. சார்ஜ் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். கருவியைத் திறக்காமல் அதை அளக்க இயலாது என்பதால், சார்ஜ் முழுமையடைந்த பின்னும் உடல் சூடாகவே இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பு இயல்பானது, கையை வைத்திருக்க முடியாத சூடு இயல்பானதன்று. மூடியின் இணைப்பு விலகிப் பிதுங்கியிருந்தால் செல் உப்பியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அதன்பின் ஒருமுறைகூடச் சார்ஜ் ஏற்றக் கூடாது.

உட்புறத்தில் எவ்வளவு சிக்கனம் பிடித்திருக்கிறார்கள் என்பதை வெளியிலிருந்தே காட்டிக்கொடுக்கும் ஒரு சோதனையும் உண்டு. இரு முனையும் யூ.எஸ்.பி. சி வகையாக உள்ள கேபிளால் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். அதற்கு, கருவியின் பலகையில் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு இருக்க வேண்டும். காசுக்குப் பெறாத அந்த இரண்டையும் விட்டுவிட்டால் பழைய வகைக் கேபிளால் மட்டுமே சார்ஜ் ஏறும். அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் இவற்றில் மிச்சம் பிடித்தவர்கள் பாதுகாப்புச் சுற்றில் என்ன செய்திருப்பார்கள் என்று நான் யோசிப்பேன்.

ஓமலூரான், இங்கிலாந்து

ஐயா, நான் ஓமலூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். இங்கே நுகர்பொருள்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். உங்கள் துறையிலிருந்து வந்த கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் மனிதரை இழுக்கச் சொல்லிச் சோதிப்பதில்லை. அதற்கென்று ஓர் இயந்திரம் இருக்கிறது. ஓர் இழுப்புக்கு 55 மில்லிலிட்டர் காற்று, மூன்று விநாடி நீளம், முப்பது விநாடிக்கு ஓர் இழுப்பு என்பது கோரெஸ்டா என்ற புகையிலை ஆய்வு அமைப்பின் 81ஆம் எண் வழிமுறை. 2018இல் வந்த ஐ.எஸ்.ஓ. 20768 தரநிலையும் அதே அடிப்படையில் அமைந்ததுதான். குறிப்பிட்ட எண்ணிக்கை இழுப்புகளுக்கு முன்னும் பின்னும் கருவியை நுண்தராசில் நிறுத்து, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்போம். ஓர் இழுப்புக்குக் குறையும் மில்லிகிராம்தான் எங்களுக்கு அடிப்படை அளவு. நல்ல கருவியில் முதல் இழுப்புக்கும் பேட்டரி பாதி தீர்ந்தபின் வரும் இழுப்புக்கும் இந்த எண் பெரிதாக மாறாது. மட்டமான கருவியில் பேட்டரி இறங்க இறங்க எண்ணும் சேர்ந்து இறங்கும். ஏனெனில் அங்கே செல்லின் மின்னழுத்தம், திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு அப்படியே போகிறது. 1.2 ஓம் காயிலுக்கு 4.2 வோல்ட்டில் 14.7 வாட் கிடைக்கும், 3.3 வோல்ட்டில் 9 வாட்தான் கிடைக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் இவற்றுள் எது?

எடை திடீரென்று குறையாமல் நின்றுவிடுவதும் ஓர் அறிகுறி. காயிலைச் சுற்றியுள்ள பஞ்சுத் திரிக்குத் திரவம் வந்து சேரும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் கூடிவிட்டது என்று பொருள். உலர்ந்த திரி கருகும். திரவத்தின் அடிப்படைப் பொருள்கள் கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும்; கிளிசரின் சிதைந்து அக்ரோலினும், இரண்டும் சிதைந்து பார்மால்டிஹைடும் என்ற நச்சுப் பொருள்கள் உண்டாகும். திரி எவ்வளவு சீராக நனைகிறது என்பதை நான் கருவியின் உடலமைப்பைவிட முக்கியமாகக் கருதுகிறேன். பளபளப்பான உலோக உறைக்குக் காசு கொடுப்பவர்கள் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. குளிரில் கிளிசரின் பல மடங்கு கெட்டியாகிவிடும் என்பதால், கூடத்தின் இதமான வெப்பத்தில் தேறிய கருவி லீட்ஸின் ஜனவரிக் காலையில் தேறும் என்று சொல்ல முடியாது. குளிரில் வெளியே இருந்துவிட்டு வந்தவுடன் தொடர்ந்து இழுக்கக் கூடாது என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

விளம்பர எண்களைத் தாளும் பேனாவும் கொண்டே சரிபார்க்கலாம். பேட்டரி 1000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் என்றால் மொத்த ஆற்றல் 13,320 ஜூல். பன்னிரண்டு வாட்டில் மூன்று விநாடி இழுத்தால் 36 ஜூல் செலவாகும். இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 370 இழுப்புதான் வரும். அதேபோல் 2 மில்லிலிட்டர் திரவத்தின் எடை சுமார் 2.3 கிராம், அதில் 600 இழுப்பு என்றால் ஓர் இழுப்புக்கு நான்கு மில்லிகிராமுக்கும் குறைவு. யார், எவ்வளவு நேரம் இழுத்தால் அந்த எண் வரும் என்பதைச் சொல்லாமல் இழுப்புக் கணக்கை மட்டும் அச்சிடுவது அளவே ஆகாது.

தம்பி தன் அறையிலேயே காயிலின் மின்தடையை அளக்கலாம். ஆனால் சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளே 0.2 ஓம் அளவுக்குத் தடை காட்டும். இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, பொத்தான் இல்லாமல் இழுத்தாலே இயங்கும் வகையானால் அது எத்தனை விநாடியில் தானாக அணைகிறது என்று பார்க்க வேண்டும். எட்டு அல்லது பத்து விநாடியில் அணைவதே வழக்கம்.

சான்று பற்றிக் கேட்டீர்கள். மின்சுற்று, பேட்டரி, சார்ஜ் அமைப்பு ஆகியவற்றுக்கு யூ.எல். 8139 என்ற தரநிலை இருக்கிறது. இங்கே சட்டப்படி விற்கப்படும் நிகோட்டின் கருவியின் தொட்டி 2 மில்லிலிட்டருக்கு மேலும், திரவத்தின் நிகோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது. அந்தப் பொருளை அரசின் மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் முன்கூட்டியே அறிவித்திருக்கவும் வேண்டும். அந்தப் பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்கலாம்.

அடிவாரத்துக்காரர், சேலம்

இவ்வளவு பொறுமையாக எழுதிய உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கருவி இங்கே வராது. மகனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவனும் தட்டாமல் செய்து பார்த்தான். பட்டியலில் அவன் கருவி இருக்கிறது. காயிலில் 0.8 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது, அளந்ததில் 1.0 வந்தது, கம்பித் தடையைக் கழித்தால் 0.8 சரியாக நிற்கிறது.

இரண்டு ஐயங்கள் மிஞ்சியுள்ளன. கடைக்காரர் இந்தக் காயில் 316எல் துருப்பிடிக்காத எஃகு என்று சொன்னாராம். ஆனால் காந்தம் நன்றாகவே ஒட்டுகிறது. குளிர்நிலையில் இழுத்த, 304 என்ற வேறு ரகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் காந்தம் ஒட்டுவது உண்டு, அதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்ட முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் 316எல்லில் நிக்கல் கூடுதல் என்பதால் இவ்வளவு ஒட்டக் கூடாது. அடுத்தது கசிவு. இரவு முழுவதும் காகிதக் கைக்குட்டை மேல் சாய்த்து வைத்தபோது ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. ஆனால் ஊருக்கு வந்துவிட்டு விமானத்தில் திரும்பிய நண்பனின் இதே வகைக் கருவி இறங்கும்போது பையையே நனைத்துவிட்டதாம். வைத்த இடத்தில் கசியாதது அங்கே ஏன் கசிந்தது?

நெஞ்சக மருத்துவர், சேலம்

விடை தெரிந்தவர் எழுதும்முன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மேலே சொன்ன சோதனைகள் அனைத்தும் தேவையானவை. ஆனால் அவை கருவியைப் பற்றியவை. அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்களிடையே 2019இல் தொடங்கிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ போயினர். அவர்களில் 68 பேர் உயிரிழந்தவர்கள். பெரும்பாலும் கஞ்சாப் பொருள் கலந்த திரவத்தில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் அதற்கு வலுவான காரணமாகக் காட்டப்பட்டது. அந்தத் திரவத்தை எவ்வளவு நேர்த்தியான கருவியில் ஊற்றியிருந்தாலும் விளைவு அதுவாகத்தான் இருந்திருக்கும். எனவே உறை பிரிக்காத, அறிவிக்கப்பட்ட திரவத்தைத் தவிர வேறெதையும், நண்பர் கொடுத்தார் என்பதற்காகவும், அவர் ஊற்றக் கூடாது. காயிலிலிருந்து உலோகம் கரைவதும் உண்மைதான்: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், புட்டியில் இருந்த திரவத்தைவிடக் காயிலைத் தொட்ட திரவத்திலும் ஆவியிலும் ஈயம், நிக்கல், குரோமியம் போன்றவை கூடுதலாக இருந்தன. நிகோட்டின் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதற்கு அங்கே அரசு மருத்துவச் சேவையிலேயே உதவி கிடைக்கிறது. அதற்கான தேதியையும் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள், ஐயா.

ஓமலூரான், இங்கிலாந்து

மருத்துவர் சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

காந்தத்தில் உங்கள் கணிப்பு சரி. அது பெரும்பாலும் கந்தல் (Kanthal) என்ற வணிகப் பெயருள்ள இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவையாக இருக்கும்; அது காந்தம் ஒட்டும் உலோகம். காயிலுக்கு அது ஏற்ற பொருள்தான், கடைக்காரர் பெயரைத் தவறாகச் சொல்லியிருக்கிறார், அவ்வளவே. ஆனால் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில கருவிகள் காயிலின் மின்தடை எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கொண்டு வெப்பத்தைக் கணித்து மின்சாரத்தைக் குறைக்கும். துருப்பிடிக்காத எஃகு, நிக்கல், டைட்டானியம் ஆகியவற்றில் அந்த ஏற்றம் தெரியும். கந்தலில் சூடானாலும் மின்தடை ஏறக்குறைய மாறாது. ஆகவே எஃகு என்று நம்பி அந்த வெப்பக் கட்டுப்பாட்டு முறையை வைத்தால், காப்பு இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார், காப்பு இருக்காது. வாட் முறையிலேயே, காயிலில் அச்சிட்ட வரம்பின் கீழ்ப்பகுதியில் வைத்துக்கொள்ளட்டும்.

கசிவுக்கு விடை உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு போய்ச் சேரும்போது பலூன்போல் உப்பியிருக்குமே, அதேதான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகத் தாழ்கிறது. தொட்டிக்குள் அடைபட்ட காற்று அதற்கேற்ப விரிந்து, வெளியேற வேறு வழி இல்லாததால், திரவத்தைத் திரி வழியாகத் தள்ளுகிறது. விமான அறைக்குள் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருக்கும் என்பதால் அங்கே இன்னும் கூடுதலாகக் கசியும். பாதி காலியான தொட்டிதான் அதிகம் கசியும்; காற்று அங்கேதான் அதிகம். இதனால்தான் நாங்கள் மேசைமேல் வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல், அழுத்தம் குறைத்த பெட்டிக்குள்ளும் கருவியை வைத்து எடை பார்க்கிறோம்.

ஒருமுறை கசிந்துவிட்டால் தொட்டியைக் கழற்றி, கீழேயுள்ள செப்பு முனைகளையும் காற்றுத் துளையையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இழுப்பை உணரும் சிறு உணரி அந்தத் துளைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதில் திரவம் ஏறினால் யாரும் இழுக்காமலே காயில் எரியத் தொடங்கலாம். நிரப்பும் துளையின் சிலிக்கோன் அடைப்பு தளர்ந்திருந்தால் தொட்டியையே மாற்றிவிட வேண்டும். எப்போதாவது தானாக எரிந்தால் தொட்டியை உடனே பிரித்து எடுத்துவிட்டு, உடலைக் குப்பையில் போடாமல், அதை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இங்கே கடைக்காரர்கள் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.