5 கேவிஏ ஜெனரேட்டர் எங்க வீட்டுக்குப் போதுமா?

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்துல இருக்கோம். 2011 தானே புயலப்போ நாள்கணக்கா கரண்ட் இல்லாம கிணத்துல வாளி போட்டு இறைச்சோம். இப்ப அம்மாவுக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காத்துல இருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் கொடுக்கிற மெஷின்) ஓடுது, ஐப்பசி மழைக்குள்ள ஜெனரேட்டர் வாங்கியே ஆகணும்.

கடைக்காரர் 5 கேவிஏன்னு சீட்டு எழுதிக் கொடுத்தார். பவர் ஃபேக்டர் (கேவிஏல எவ்வளவு பங்கு நிஜ வாட்டா கிடைக்கும்ங்கிற விகிதம்) 0.8னா கையில கிடைக்கிறது 4 கிலோவாட்தான், அதுவரைக்கும் புரியுது. குழப்பமே கிணத்து மோட்டார்லதான். 1 ஹெச்பின்னா 746 வாட். ஆனா ஸ்டார்ட் ஆகுற நொடியில பல மடங்கு இழுக்குமாம். அப்ப வோல்டேஜ் இறங்கி அம்மா மெஷின் நின்னுடுமா? ‘பிரைம்’ (தொடர்ந்து ஓட்டுறதுக்கு), ‘ஸ்டாண்ட்பை’ (கரண்ட் போனா மட்டும் ஓட்டுறதுக்கு)ன்னு ரெண்டு ரேட்டிங் வேற போட்டிருக்கு. எதை வெச்சுக் கணக்குப் போடணும்?

ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனுக்குப் போகாம தடுக்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கண்டிப்பா வெச்சிடுவோம், கம்பத்துல ஏறுற லைன்மேன் உசுரு விஷயம். மெஷினுக்கு மட்டும் நடுவுல யூபிஎஸ் வேணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.