ரப்பர் பால் பாடம்: எங்கள் குடும்பக் குழுவில்

தர்ஷினி: வணக்கம் எல்லாருக்கும். அடுத்த வாரம் ஐந்தாம் படிவத்துக்குப் பாலிமர் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள்) பாடம் ஆரம்பிக்கிறேன். ரப்பர் பால் ஏன் கட்டுகிறது, அதாவது உறைந்து திரள்கிறது, என்பதைப் பிள்ளைகள் வருஷா வருஷம் மனப்பாடம் பண்ணித்தான் எழுதுகிறார்கள், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் முழிக்கிறார்கள். இந்தத் தடவை நிஜப் பாலையே வகுப்புக்குக் கொண்டு போக ஆசை. பினாங்குத் தீவில் எங்கே தேடுவது? கூலிம் பக்கம் யாரிடமாவது கிடைக்குமா?

குமார் மாமா: கிடைக்கும்மா. என் கூட்டாளிக்கு அங்கே கொஞ்சம் பால்மரம் இருக்கு, கேட்டு வாங்கித் தருகிறேன். ஆனால் எஸ்.பி.எம் (ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு) நெருங்குதே, இதெல்லாம் செய்தால் சிலபஸ் முடியுமா? நம்ம பையனுக்கு டியூஷனில் பழைய கேள்வித்தாளைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

தர்ஷினி: ஒரு இரட்டைப் பாடவேளை போதும் மாமா. மூன்று பீக்கர், ஒவ்வொன்றிலும் 20 மில்லி பால். ஒன்றில் நீர்த்த எத்தனாயிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அமிலம், இன்னொன்றில் அமோனியா, மூன்றாவதைச் சும்மா விடுவது. ஊற்றுவதற்கு முன்னாலேயே என்ன ஆகும், ஏன் ஆகும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவிட வேண்டும். பழைய கேள்வித்தாளும் உண்டு, ஆனால் கடைசி பத்து நிமிஷத்தில், கண்ணால் பார்த்த பிறகு.

வசந்தி அத்தை: பாட்டி குரல் பதிவு அனுப்பச் சொன்னாங்க, பதிவைக் கேட்க முடியாதவர்களுக்காக எழுதியும் போடுகிறேன். "விடியக்காலையிலேயே நிரைக்கு (பால் வெட்டும் மர வரிசைக்கு) போயிடுவோம், வெயில் ஏறினா பால் நின்னுடும். மங்குல (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சேர்ந்த பாலை வாளியில ஊத்தி, காண்டாவில (தோளில் சுமக்கும் கம்பில்) தூக்கிக்கிட்டு ஸ்டோருக்குப் போகணும். நேரமாச்சுன்னா மங்குலேயே கட்டிடும், யாரும் ஆசிட் ஊத்த வேண்டாம். அதுக்குத்தான் அமோனியா சொட்டு விடுறது. ஸ்டோர்லதான் ஆசிட் ஊத்தி கட்ட வைப்பாங்க, அப்புறம் மெஷின்ல கொடுத்து ஷீட்டா எடுப்பாங்க."

தர்ஷினி: பாட்டி!! பாடத்தையே இதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். வகுப்பில் இதைப் போட்டுவிட்டு, தமிழ்ப் பிள்ளைகளே மற்றவர்களுக்கு மலாயில் சொல்லட்டும். அப்புறம் ஒரே கேள்வி: ஆசிட் ஊற்றாமலே மங்கில் எப்படிக் கட்டியது? ரப்பர் துகள் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு புரதச் சவ்வு இருக்கிறது, அதில் எதிர்மின்னூட்டம், அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், பாலும் பாலாகவே இருக்கும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்துவிட்டால் துகள்கள் மோதி, சவ்வு கிழிந்து, உள்ளே இருக்கும் ரப்பர் ஒன்றாகத் திரண்டுவிடும். மங்கில் அந்த அமிலத்தை மெதுவாக உண்டாக்குவது பாக்டீரியா. அமோனியா காரம் என்பதால் அதைத் தடுக்கிறது. பாட்டி சொன்ன நாலு வரியில் எல்லாமே இருக்கிறது!

வசந்தி அத்தை: நர்ஸாக ஒன்று சொல்கிறேன், சில பேருக்கு ரப்பர் பால் ஒவ்வாமை உண்டு, கடுமையாகவே வரும். முன்னாடியே கேட்டு வைத்துக்கொள். கையுறை ரப்பரில் வேண்டாம், நைட்ரைல் வாங்கு. அமோனியா ஊற்றும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

தர்ஷினி: சரி அத்தை, நாளைக்கே வகுப்பில் கேட்டுவிடுகிறேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

குமார் மாமா: பையன் கேட்கிறான், கந்தகம் சேர்த்து இறுக்குவதையும் காட்டுவாயா?

தர்ஷினி: அதற்கு டைசல்ஃபர் டைகுளோரைடு என்ற கந்தகச் சேர்மத்தில் ரப்பரைத் தோய்க்கும் முறையை நான் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டேன் மாமா, அது நச்சு. பதிலாக, கட்டிய பாலை உருட்டிக் காய வைத்து, ஒரு கீற்றை வெட்டி எடைக்கல் தொங்கவிடலாம், பக்கத்தில் அதே தடிமனில் கடை ரப்பர் பேண்ட். கல்லை எடுத்ததும் எது பழைய நீளத்துக்குத் திரும்புகிறது என்று ரூலரால் அளக்கட்டும். கந்தகம் ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே குறுக்கே பிணைப்பு போடுவதால்தான் ரப்பர் பேண்ட் திரும்பி வருகிறது, 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்தது அதைத்தான். அளந்த பிறகு சொன்னால் பெயரும் வருஷமும் கூட நிற்கும். காய்ந்த ரப்பரை எடையும் போடலாம், புதுப் பாலில் ஏறக்குறைய 30 விழுக்காடுதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர்.

குமார் மாமா: நல்லா இருக்குமா. அப்போ ஞாயிற்றுக்கிழமை வாங்கி வருகிறேன். திங்கட்கிழமை வரை கட்டாமல் இருக்குமா?

தர்ஷினி: இருக்காது மாமா, அமோனியா சேர்த்து வாங்குங்கள். ஆனால் ஊற்றும் அமிலம் முதலில் அந்த அமோனியாவைத்தான் சமன் செய்யும், அதனால் கூடுதலாகத் தேவைப்படும். எவ்வளவு கூடுதல் என்பதைப் பிள்ளைகளே சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்டுபிடிக்கட்டும். இரண்டு போத்தல் போதும், மூடியை இறுக்கி, மேலே பெயரும் தேதியும் எழுதிவிடுங்கள். பட்டர்வொர்த் ஃபெரி பக்கம் வந்து நானே எடுத்துக்கொள்கிறேன்.